தோண்டும்போதே கேளுங்கள்

தொகுப்பு வீடு கட்டுகிறவருக்கு ஒரு விவரம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீடு ஒன்றுக்கு அடிப்படை உதவி 1,20,000 ரூபாய். கான்கிரீட் கூரைக்கென்று தமிழ்நாடு அரசு மேலும் தருகிறது. கழிப்பறைக்கு உரிய 12,000 ரூபாய் இதில் சேராது. அது தூய்மை பாரத இயக்கம் போன்ற வேறு கணக்கிலிருந்து வர வேண்டியது. கழிப்பறை எழும்பாமல் வீடு முடிந்ததாகக் காட்டக்கூடாது என்பதும் திட்டத்தின் விதி.

அஸ்திவாரத்திலும் கூரையிலும் கைக்காசும் கடனும் கரைந்த பிறகுதான் கழிப்பறையின் முறை வருகிறது. கடைசி பில் வாங்க வேண்டுமே என்று நாலு சுவர், ஒரு பேசின், ஒரு கதவு வைத்துப் படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள். படத்தில் குழி தெரியாது. அடுத்த மழையில் தெரியும்.

எனக்குப் பெரிய கவலை இந்தக் குழிதான். கிராமத்து வீட்டுக்கு அரசு பரிந்துரைப்பது இரட்டை உறிஞ்சு குழி. ஒன்று நிரம்பியதும் நடுவிலுள்ள சிறு தொட்டியில் வழியை அடைத்து மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிக்கிடக்கும் குழியில் இருப்பது ஒன்றிரண்டு ஆண்டுகளில் காய்ந்து எருவாகிவிடும். வீட்டுக்காரரே அள்ளித் தென்னைக்குப் போடலாம். அதற்குச் சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும், அடியில் பூசக்கூடாது. 'கெட்டியாக இருக்கட்டும்' என்று கொத்தனார் அடிவரை சிமென்ட் பூசிவிட்டால் தண்ணீர் மண்ணில் இறங்காது. சில மாதங்களிலேயே குழி ததும்பும்.

இரண்டு குழிக்குப் பதிலாக ஒரே குழியில் ஆழமாக உறை இறக்குவதும் வழக்கமாகிவிட்டது. ஆழம் கூடக் கூடக் கழிவு நிலத்தடி நீரை நெருங்குகிறது. குடிநீர்க் கிணறும் அடிபம்பும் குழியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீடுகள் நெருங்கி நிற்கும் காலனியில் பக்கத்து வீட்டு அடிபம்பையும் சேர்த்து அளந்து பாருங்கள். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் போலத் தோண்டியதும் நீர் ஊறும் ஊர்களில் குழியைத் தரைக்கு மேலே உயர்த்தி, சுற்றிலும் மண் அணைக்க வேண்டும். மேட்டு நிலத்துக்குப் போட்ட வரைபடத்தை அங்கே நீட்டினால் ஓவர்சியரிடம் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.

குழி நிரம்பினால் ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே முடக்கிவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவர் அப்படியே சரிகிறார், தூக்கிவிட இறங்கியவரும் சரிகிறார். தகுந்த பாதுகாப்பின்றிச் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரையும் அது பிடிக்கும்.

12,000 ரூபாய் வரவில்லையென்றால் ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முதலமைச்சர் உதவி எண் 1100-இலும் பதியலாம். அதற்கும் அசைவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. என் பெயரில் கழிப்பறைத் தொகை ஒதுக்கப்பட்டதா, எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்குப் போனது என்ற கேள்விகள் போதும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கட்டாத கழிப்பறை கட்டி முடிந்ததாக அந்தப் பதிலில் இருந்தால், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கூடும் கிராம சபைகளில் அடுத்து வருவதில் அந்தத் தாளை உரக்கப் படித்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.