பந்துவீச்சும் சராசரியும்

கொடுத்த ஓட்டங்களை எடுத்த விக்கெட்டுகளால் வகுத்தால் பந்துவீச்சுச் சராசரி கிடைக்கும். டெஸ்ட் போட்டிகளில் முத்தையா முரளிதரன் 18,180 ஓட்டங்கள் கொடுத்து 800 விக்கெட்டுகள் எடுத்தார்; சராசரி 22.72. நம் அஸ்வின் 12,891 ஓட்டங்களுக்கு 537, சராசரி 24. முரளிதரனே முந்துகிறார். ஆனால் ஒரு விக்கெட்டுக்கு அவருக்கு 55 பந்துகள் தேவைப்பட்டன, அஸ்வினுக்கு 51 போதும். யார் சிறந்தவர்? வகுப்பில் விவாதம் சூடுபிடிக்கும், பிடிக்கட்டும்.

திருத்தணியில் ஒரு பள்ளி அணியைத் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவி முதல் ஆட்டத்தில் 20 ஓட்டங்களுக்கு 1 விக்கெட், அடுத்ததில் 40 ஓட்டங்களுக்கு 4 எடுக்கிறாள். சராசரிகள் 20, 10. எனவே 15 என்றே பலரும் எழுதுவர். சராசரிகளுக்குச் சராசரி காணக்கூடாது. 60ஐ 5ஆல் வகுத்தால் 12. போட்டியிலிருக்கும் இன்னொருத்தியின் சராசரி 13 என்றால், தவறான கணக்கில் இவள் அணியிலேயே இருக்கமாட்டாள்.