லைசன்ஸ் போனால் இன்சூரன்சும் போய்விடுமா?

ஹன்ரிங்வுட், ஆண்டல் பார்க், ஈஸ்ரேண் கிறீக் பக்கத்துப் பண்டகசாலைகளில் அதிகாலை வேலைக்குப் போகும் எம்மவர் பலர். மூன்றும் பிளாக்டவுன் மாநகரசபை எல்லைக்குள் இருக்கும் இடங்கள்தான். ஆனால் ரயில் பாதை அவற்றின் வாசலுக்குப் போவதில்லை. விடிய முன்னர் வேலை தொடங்குபவருக்குக் கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வாடகை இல்லை. இதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அப்படியான ஒரு குடும்பம் சென்ற ஆண்டு எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தது. பெயர் வேண்டாம். கணவருக்கு வேகக் குற்றத்தால் ஏற்கெனவே மூன்று புள்ளிகள் விழுந்திருந்தன. ஒக்டோபர் மாத நீண்ட வார விடுமுறையில் கையில் ரெலிபோனோடு கார் ஓட்டியதைக் கமெரா படம் பிடித்துவிட்டது. சாதாரண நாளில் அந்தக் குற்றத்துக்கு ஐந்து புள்ளி. இரட்டைப் புள்ளி நாளில் பத்து. ஆக மொத்தம் பதின்மூன்று. அவர் தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு, விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டார். இடையில் துங்காபியில் இருந்து பிளாக்டவுனுக்கு வீடு மாறினார்கள். லைசன்ஸ் இடைநிறுத்தம் பற்றிய கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது. பழைய வீட்டுக்காரர் கடிதக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது, இடைநிறுத்தம் தொடங்கி இரண்டு கிழமை ஆகியிருந்தது. அந்த இரண்டு கிழமையும் மனுசன் தினமும் வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"அண்ணை, இனி ஆர் எனக்கு இன்சூரன்ஸ் தருவினம்?" என்பதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி.

ஊரில் பொலிஸ்காரன் மறித்தால் லைசன்சையே வாங்கிக்கொண்டு ஒரு துண்டு எழுதித் தருவான். தபாற் கந்தோரில் தண்டம் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால்தான் அது திரும்பக் கிடைக்கும். லைசன்ஸ் கையில் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே அப்படியில்லை. அட்டை உங்கள் பேர்சுக்குள்ளேயே இருக்கும், அதன் உயிர் மட்டும் ஒரு கடிதத்தோடு போய்விடும். ஆகவே வீடு மாறினால் பதினான்கு நாட்களுக்குள் புது விலாசத்தைப் பதிவது சட்டப்படி கட்டாயம். மின்சாரத்தையும் பள்ளிக்கூடத்தையும் மாற்றும் நாங்கள் இதைத்தான் மறக்கிறோம்.

நியூ சவுத் வேல்சில் முழு லைசன்ஸ் உள்ளவருக்கு மூன்று ஆண்டுக்குள் 13 புள்ளிகள் என்பது எல்லை. 13 முதல் 15 வரை என்றால் மூன்று மாத இடைநிறுத்தம், 16 முதல் 19 வரை நான்கு மாதம், 20ம் அதற்கு மேலும் என்றால் ஐந்து மாதம். சிவப்புப் பீ தகடு உள்ள பிள்ளைகளுக்கு எல்லை நான்கு புள்ளி, பச்சைக்கு ஏழு. பள்ளிக்கூடப் பிள்ளையை ஏற்றிவரப் போகும் தாய்மார் பாடசாலை வலயத்தை மறக்கக்கூடாது. அந்த நேரத்தில் 40ஐச் சற்றுத் தாண்டினாலும் வேறிடத்தில் ஒன்றாக இருக்கும் புள்ளி இரண்டாகிவிடும்.

கடிதம் நேரத்துக்குக் கிடைத்திருந்தால் எமது நண்பருக்கு இன்னொரு வழி இருந்தது. இடைநிறுத்தம் தொடங்குமுன் விண்ணப்பித்து, பன்னிரண்டு மாதம் 'நன்னடத்தை'யில் ஓட்டுவதாக ஒப்புக்கொள்ளலாம். அந்த ஆண்டில் இரண்டு புள்ளி விழுந்தாலே இடைநிறுத்தம் இரட்டிப்பாகும், மூன்று மாதம் ஆறாகும். அடக்கமாக ஓட்டக்கூடியவருக்கு அது நல்ல வழி. காலில் இயந்திரம் பூட்டியவர்களுக்கு நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

இப்போது இன்சூரன்சுக்கு வருவோம். இங்கே எம்மவர் இரண்டு வேறு பொருட்களை ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

ஒன்று கிறீன் சிலிப். விபத்தில் காயப்படும் மனிதருக்கான காப்புறுதி அது, சேதப்படும் காருக்கானதல்ல. அது இல்லாமல் காரைப் பதியவே முடியாது. அதைப் பற்றி நிம்மதியாக இருங்கள். இதை விற்க அரசின் உரிமம் பெற்ற கம்பனிகள், உங்கள் ஓட்டுநர் வரலாறு மோசம் என்பதற்காகக் கிறீன் சிலிப் தர மறுக்க முடியாது. விலையைக் கூட்டலாம், கதவைச் சாத்த இயலாது. கம்பனிக்குக் கம்பனி விலை வேறுபடும். சைரா என்ற அரசு ஒழுங்குமுறை நிறுவனம் எல்லா விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க இலவச வசதி வைத்திருக்கிறது. பழைய கம்பனியின் பில்லைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடுபவர்கள் அதை ஒருமுறை பார்க்கட்டும்.

மற்றது நீங்களாக விரும்பி எடுப்பது. முழுக் காப்புறுதி, தீ மற்றும் களவுக் காப்புறுதி, அடுத்தவர் சொத்துக் காப்புறுதி என்று இது பல வகை. சிக்கல் இதில்தான். கம்பனி விரும்பினால் உங்களை மறுக்கலாம். மெயின் ஸ்றீற்றில் நிறுத்தியிருக்கும் யாரோ ஒருவருடைய மேர்சிடிஸை இடித்தால் கிறீன் சிலிப் ஒரு சதமும் தராது. அந்தத் திருத்தச் செலவு உங்கள் தலையில். புதிதாக வந்த குடும்பத்தை அது ஆண்டுக்கணக்கில் கடனாளியாக்கும். ஆகவே பழைய கார்தானே என்று நினைப்பவர்களும் ஆகக் குறைந்தது அடுத்தவர் சொத்துக் காப்புறுதியாவது எடுக்கவேண்டும் என்பது எமது கருத்து.

ரொறன்ரோவில் உள்ள சொந்தக்காரர் ரெலிபோனில் வேறு கதை சொல்வார்கள். ஒன்ராறியோவில் வழமையான கம்பனிகள் ஏற்காத சாரதிகளுக்கு 'பெசிலிற்றி' என்ற கடைசிப் புகலிடம் உண்டு, விலை கொழுத்ததானாலும் காப்புறுதி கிடைக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் எஸ்ஆர்-22 என்று ஒரு சான்றைக் கம்பனி அரசுக்கு அனுப்பவேண்டும். இந்த நாட்டில் காருக்கான காப்புறுதியில் இரண்டும் இல்லை. அவர்கள் அறிவுரையை இங்கே அப்படியே பயன்படுத்த முடியாது.

இங்கே என்ன செய்யலாம்? முதலில், கையில் உள்ள பொலிசியை ஆத்திரத்தில் நிறுத்திவிடாதீர்கள். ஓடும் பொலிசியைத் தொடர்வதைவிடப் புதிதாக ஒன்றை எடுப்பது கடினம். கார் வாசலில் நின்றாலும் களவு போகலாம், மரம் விழலாம். கம்பனிக்கு ரெலிபோன் செய்து, இடைநிறுத்தம் பற்றி இப்போதே அறிவிக்கவேண்டுமா, புதுப்பிக்கும்போதா என்று கேளுங்கள். மனைவிதான் இனி ஓட்டுவார் என்றால் அவருடைய பெயரைச் சாரதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் மனைவிக்கு எல் தகடு மட்டுமே இருந்தது. "நான் பக்கத்திலை இருக்கிறன், அவ ஓட்டட்டும்" என்று கணவர் யோசித்திருந்தார். அதுவும் முடியாது. எல் தகட்டுக்காரரின் பக்கத்தில் இருப்பவரிடம் செல்லுபடியாகும் முழு லைசன்ஸ் இருக்கவேண்டும். இடைநிறுத்தப்பட்டவர் அந்த ஆசனத்தில் இருந்தால் அவர் வெறும் பயணிதான். கடைசியில் வேலைத்தலத்து நண்பர் ஒருவர் மூன்று மாதம் ஏற்றி இறக்கினார். பெற்றோல் காசுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டிறைச்சிக் கறி போனது என்று கேள்வி.

இடைநிறுத்தம் முடிந்து புதுக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு கேள்வி வரும்: கடந்த மூன்று ஆண்டில், அல்லது ஐந்து ஆண்டில், உங்கள் லைசன்ஸ் இடைநிறுத்தப்பட்டதா, ரத்தானதா? சில கம்பனி மூன்று கேட்கும், சில ஐந்து கேட்கும். நண்பருக்கு ஊரவர் ஒருவர் கொடுத்த புத்தி: "தம்பி, உதைப் பற்றி வாய் திறக்காதை. அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

விண்ணப்பத்தைப் பார்க்கும் நாளில் ஒருவேளை தெரியாமல் இருக்கலாம். பணம் கேட்டுப் போகும் நாளில் தேடுவார்கள். 1984ஆம் ஆண்டின் காப்புறுதி ஒப்பந்தச் சட்டம், 2021 ஒக்டோபரில் திருத்தப்பட்டபின், கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பிழையில்லாமல் பதில் சொல்லும் கடமையை எங்களுக்கு வைத்திருக்கிறது. கேட்காததைத் தேடிப்போய்ச் சொல்லத் தேவையில்லை. தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் கம்பனி ஒப்பந்தத்தையே இல்லாததாக்கலாம். ஆண்டு முழுவதும் கட்டிய பணம் குப்பைக்குள். அதேபோல, இடைநிறுத்த காலத்தில் அவரே ஓட்டி விபத்து நடந்தால் பணம் தரமாட்டோம் என்பது ஏறத்தாழ எல்லாப் பொலிசியிலும் எழுதியிருக்கும். கூடவே பிளாக்டவுன் நீதிமன்றப் படி ஏறவேண்டியும் வரும். முதற் தடவைக்கே 3,300 டொலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

புள்ளியை அக்காவின் பெயரில், மச்சானின் பெயரில் போடும் பழக்கம் பற்றியும் சொல்லவேண்டும், எமக்குள் அது இருக்கிறது. மார்க்கஸ் ஐன்பெல்ட் என்ற பெயரைப் புதியவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். சமஷ்டி நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி, அவுஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழுவின் முதற் தலைவர். 2006 ஜனவரியில் அவருடைய கார் வேகக் கமெராவில் பிடிபட்டது. தண்டம் வெறும் 77 டொலர். அன்று கார் தன்னிடம் இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பேராசிரியரிடம் இருந்தது என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்தார். அந்தப் பேராசிரியர் 2003இலேயே இறந்துபோனவர். பத்திரிகை அதைக் கண்டுபிடித்தது. 2009 மார்ச்சில் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது, அதில் இரண்டாண்டைக் கட்டாயம் உள்ளே கழிக்கவேண்டியிருந்தது. நீதிபதிக்கே அந்த நிலை.

உண்மையைச் சொன்னால் ஒரு கம்பனி மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அது சட்டத்தின் 75ஆம் பிரிவில் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: 'வேறு கம்பனி ஏதும் உங்களை மறுத்ததா' என்றும் பல படிவங்கள் கேட்கும். ஆகவே கண்டபடி பத்து இடத்தில் விண்ணப்பம் போடாமல், இப்படியான சாரதிகளை ஏற்பீர்களா என்று முதலில் ரெலிபோனில் கேளுங்கள். ஒருவர் மறுப்பதை மற்றவர் கூடிய கட்டணத்துக்கும் பெரிய எக்ஸெசுக்கும் ஏற்பார். எக்ஸெஸ் என்பது விபத்துக்குப்பின் முதலில் நீங்கள் கையிலிருந்து போடும் தொகை. கட்டணம் மலிவு என்று கையெழுத்து வைக்குமுன் அதைப் பாருங்கள். கடினமான சாரதிகளுக்கு இடம் தேடித்தரும் புறோக்கர்மாரும் உண்டு, அவர்களுடைய கூலி என்னவென்று முன்கூட்டியே கேட்கவேண்டும்.

எமது நண்பருக்கு இரண்டு இடம் மறுத்தன. மூன்றாவது இடம் ஏற்றது. முன்பு கட்டியதைவிடக் கூட, ஆனாலும் மாதத் தவணையில் தாங்கக்கூடியது. மனைவி இப்போது சிவப்புப் பீ எடுத்துவிட்டார்.

ஓட்டுக் குற்றமே இல்லாமல் லைசன்ஸ் இழந்தவர்களும் எம்மிடையே உண்டு. ரயில் தண்டம், வேறு சிறு தண்டம் என்று கட்டாமல் விட்டது சேர்ந்து, றெவெனியூ அலுவலகம் லைசன்சை நிறுத்திவிடும். அப்படியானவர்கள் தவணைக்குக் கேட்கலாம். காசு அறவே இல்லாதவர், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் போன்றோர் 'வேர்க் டிவெலப்மென்ற் ஓடர்' என்ற ஒழுங்கின்கீழ் சம்பளமில்லா வேலை, படிப்பு, வைத்திய சிகிச்சை மூலம் தண்டத்தைக் கழிக்கலாம். முகாமிலும் போரிலும் பட்ட காயத்துக்கு ஆற்றுப்படுத்தல் பெறுபவர்கள் அந்தச் சந்திப்புகளும் கணக்கில் சேருமா என்று தங்கள் ஆலோசகரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆங்கிலத்தில் தடுமாறுபவர்கள் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு கம்பனிக்கு இணைப்புக் கேட்கலாம். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 'இடைநிறுத்தம்', 'ரத்து' இரண்டும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றுதான், கம்பனிக்கு வேறு வேறு. சட்ட ஆலோசனைக்கு லீகல் எய்ட் 1300 888 529. கம்பனியோடு தகராறு என்றால் முதலில் அந்தக் கம்பனிக்கே முறைப்பாடு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் திருப்தியில்லை என்றால் அவுஸ்திரேலிய நிதி முறைப்பாட்டு அதிகாரசபை, 1800 931 678. அவர்கள் பொதுமக்களிடம் காசு வாங்குவதில்லை. பேசிய திகதியையும் பேசியவரின் பெயரையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.