ஒரு முழங்கால் நேராகும் வரை

தெமோதரைக்கு வரும் விருந்தினர் யாவரும் முதலிற் கேட்பது புகையிரத நிலையத்தைப் பற்றியே. எல்லப் பக்கமிருந்து வரும் வண்டி இந்நிலையத்தில் நின்று புறப்பட்டபின், பதுளை நோக்கி நேரே ஓடிவிடுவதில்லை. குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் சற்றுமுன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துள் நுழைந்து செல்கின்றது. 44 அடி தூரத்துக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் இருத்தலாகாது என்பது அக்காலத்துப் பொறியியலாளர் தமக்கு விதித்துக்கொண்ட எல்லை. நேர்வழியிற் செங்குத்தாகப் போக இயலாதாகையால் சுற்றிப் போயினர். கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து மீளச் சுற்றியதைக் கண்ட விமலசுரேந்திர என்ற பொறியியலாளருக்கு இந்த யோசனை உதித்தது என்று எமது ஊரில் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, 1924ஆம் ஆண்டில் பாதை பதுளையை அடைந்தது மெய்.

இந்தச் சுற்றுப் பாதையை நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருகின்றோம். எனினும், அதனைப் பொறுமையோடு உட்கார்ந்து பார்த்தது 2024ஆம் ஆண்டிலேதான். காரணம், அவ்வாண்டு எம்மால் வேறெங்கும் செல்ல முடியவில்லை.

2022ஆம் ஆண்டில் நாட்டிலே பெற்றோல் இல்லாமற் போனதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். எமது மோட்டார் சைக்கிள் வீட்டு மூலையில் நின்றது. தந்தையார் விட்டுச் சென்ற பழைய ராலி சைக்கிளைத் துடைத்து, எண்ணெயிட்டு, டயர் மாற்றி, அதிலே பதுளையிலுள்ள கல்லூரிக்குச் செல்லத் தொடங்கினோம். காலையிற் பெரும்பாலும் இறக்கம், சுகமான பயணம். மாலையில் ஹாலி-எல கடந்தால் ஏற்றம். முதல் மாதம் பாதித் தூரம் தள்ளிக்கொண்டு நடந்தோம். மாணவர் சிலர் எம்மைக் கண்டு சிரித்ததும் உண்டு. மூன்றாம் மாதத்தில் இறங்காமல் வீடு சேர்ந்தோம். பெற்றோல் திரும்பி வந்த பின்னரும் சைக்கிளை விட மனம் வரவில்லை. கியர் வைத்த வண்டி ஒன்றும் வாங்கினோம். ஞாயிறு தோறும் எல்ல வரை போய் வருவது வழக்கமாயிற்று. நாற்பதைக் கடந்தபின் வரும் இத்தகைய மோகம் சற்று ஆபத்தானது என்று இல்லாள் அன்றே சொன்னாள்.

2023 ஐப்பசி மழையில், கும்பல்வெல வளைவுக்கு அப்பால், ஈரத்திற் சக்கரம் வழுக்கியது. விழாமலிருக்க இடக்காலை ஊன்றினோம். பாதம் தரையில் நின்றது, உடம்போ திரும்பியது. முழங்காலுள் ஏதோ அறுந்தாற்போல ஒரு சத்தம் எமக்கே கேட்டது.

முழங்கால் என்பது கதவுக் கீல் போன்றதென்று பலர் எண்ணுகின்றனர். நாமும் அப்படியே எண்ணியிருந்தோம். கீலுக்கு மடங்கவும் விரியவும் மாத்திரமே தெரியும். முழங்காலோ மடங்கும்போது சிறிது உருள்கின்றது, சிறிது வழுக்குகின்றது, சிறிது திரும்புகின்றது. தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றையொன்று விட்டு விலகாதிருக்க, மூட்டின் நடுவே இரண்டு நார்க்கட்டுகள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன. அவற்றுள் முன்னது அறுந்தால், நடக்கும்போதே கால் திடீரென நழுவும். ஊரில் இதனை “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்பர். வைத்தியர் லிகமென்ட் என்றார்.

2024 தைமாதத்திற் சத்திரசிகிச்சை நடந்தது. இக்காலத்தில் முழங்காலை அகலத் திறப்பதில்லை. சிறு துளைகள் வழியே விளக்கும் கண்ணாடியும் பொருத்திய குழலைச் செலுத்தி, உள்ளே பார்த்தபடியே வேலை செய்கின்றனர். 1918இல் தோக்கியோவில் தக்காகி என்ற வைத்தியர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலைக் கொண்டு முழங்காலுள் எட்டிப் பார்த்தார். அவர் வழிவந்த வத்தனபே 1962இல் அவ்வாறு பார்த்தபடியே கிழிந்த குருத்தெலும்பை வெட்டி அகற்றினார். எமக்குத் தொடையின் பின்புறத் தசைநாரிலிருந்து ஒரு துண்டு எடுத்து, அறுந்த கட்டின் இடத்திற் பொருத்தினர். மறுநாளே எழுந்து நிற்கச் சொன்னார்கள். வேலை முடிந்துவிட்டது போலும் என்று மகிழ்ந்தோம்.

வேலை அன்றுதான் தொடங்கியது.

முதல் வாரத்தில் எமக்கு இடப்பட்ட கட்டளை யாதெனில், காலை நீட்டி, முழங்காலின் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதனைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அவ்வளவே. சிறு பிள்ளையும் செய்யும் காரியம். நாம் அழுத்துகின்றோம்; தொடையிலோ அசைவில்லை. மலையேறிய அந்தத் தசை எமது சொல்லைக் கேட்க மறுத்தது. மூட்டு வீங்கியிருக்கும்போது, நரம்பு மண்டலம் தானாகவே முன்தொடைத் தசையை அடக்கி வைக்கின்றதாம். சோம்பலன்று, காவல். இரண்டு வாரங்களில் அத்தொடை மற்றத் தொடையினும் மெலிந்து நின்றதைக் கண்டு மனம் கலங்கினோம்.

“மடக்குறதை அப்புறம் பார்க்கலாம் சார், முதல்ல நேராக்குங்க,” என்றார் இயன்மருத்துவர். எமது மாணவியாக இருக்கக்கூடிய வயதுடைய பெண்; எல்லாரும் “மிஸ்” என்றே அழைப்பர், நாமும் அவ்வாறே அழைத்தோம். முழுதும் நீளாத கால் வாழ்நாள் முழுதும் நொண்டும் என்பது அவர் விளக்கம். குதிக்காலின் கீழே தலையணை வைத்து, முழங்காலை அந்தரத்தில் விட்டு, அது தன் பாரத்தாலே நேராகும் வரை பத்து நிமிடம், நாளுக்குப் பலமுறை, கூரையைப் பார்த்துக் கிடக்க வேண்டும். நாற்பது பையன்களை ஒரு சொல்லால் அடக்கிய நாம், பத்து நிமிடம் அசையாதிருக்கத் தெரியாமற் கடிகாரத்தை நூறு முறை பார்த்தோம்.

பாகைமானியைக் கேத்திரகணித வகுப்பிற் கண்டவர் நாம். மிஸ் அதன் பெரிய தம்பி ஒன்றை முழங்காலில் வைத்து அளப்பார். அறுபது பாகை, எழுபது, அடுத்த வாரமும் எழுபது, பின்பு எண்பத்தைந்து. ஒரு வாரம் முழுதும் முயன்று ஒரு பாகையும் கூடாத நாளில், வீட்டில் எவருடனும் பேசப் பிடிக்கவில்லை.

எமது ஊர் வாழ்க்கைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கதிரையில் அமரவும் படியேறவும் நூறு, நூற்றுப்பத்துப் பாகை போதும். சம்மணமிட்டு உண்ணவும், கோயிலில் விழுந்து கும்பிட்டு எழவும், குந்தியிருக்கவும் அதற்கு மிக மேலே மடங்க வேண்டும். ஆகவே அவை கடைசியில் வருவன. அவ்வாண்டு சிவராத்திரிக்கு நாம் கோயிலிற் கதிரை போட்டு அமர்ந்தோம்.

படிகளைப் பற்றி மிஸ் சொல்லித்தந்த விதி, முழங்கால் நோவுள்ள எவருக்கும் உதவும்: ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது நோயுற்ற காலை முதலில் வை. ஏறுவதினும் இறங்குவதே மூட்டுக்குப் பாரம். உடம்பின் முழு எடையையும் மடங்கும் கால் ஒன்றே தாங்கித் தாங்கி விட வேண்டியிருக்கின்றது. மலைநாட்டில் வீடு கட்டியவருக்கு இதைவிடக் கசப்பான செய்தி வேறில்லை.

ஆறாம் வாரத்தில் சைக்கிள் மிதிக்க அனுமதி கிடைத்தது. ஓட்ட அன்று, மிதிக்க. தந்தையாரின் ராலியை விறாந்தையில் நிறுத்தி, பின்சக்கரம் அந்தரத்தில் நிற்க ஸ்டாண்ட் போட்டு, ஆடாதிருக்க இருபுறமும் பலகை கட்டினோம். ஆசனத்தை உயர்த்தினோம், உயர்ந்த ஆசனத்திற் கால் குறைவாக மடங்கினாற் போதும். மிதி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஏறக்குறைய நூற்றுப்பத்துப் பாகை வேண்டும். எமக்கு அது இல்லை. ஆகவே முன்னுக்கு அரைச்சுற்று, பின்னுக்கு அரைச்சுற்று, தொட்டில் ஆட்டுவது போல. ஒன்பது நாள் இப்படியே கழிந்தது. பத்தாம் நாள் காலையில், பின்னோக்கி ஆட்டியபோது, மிதி உச்சியைக் கடந்து மறுபுறம் இறங்கிவிட்டது. முதல் முழுச்சுற்று! இல்லாளை அழைத்தோம், அவள் அடுப்பில் இருந்ததை விட்டு ஓடிவந்து, “எங்கேயும் போகாத சைக்கிளுக்கா இவ்வளவு கூச்சல்?” என்றாள்.

அதன்பின் வந்ததுதான் உண்மையான சோதனை. பத்தாம் வாரமளவில் நோவு அறவே போயிற்று. நடை சீரானது. நோவிருக்கும் காலத்திற் பொறுமை வலிய வந்து அமர்கின்றது. அது போனவுடன் பொறுமையும் போய்விடுகின்றது. வீட்டில் எவரும் இல்லாத ஒரு மாலையில், கியர் வண்டியை எடுத்து, நிலையத்து வீதியில் நூறு யார் ஓட்டினோம். அற்புதமாக இருந்தது. நிறுத்தும்போது இடக்காலை ஊன்றினோம். பழைய பழக்கம். முழங்கால் உள்ளே நடுங்கியது. இரவுக்குள் அது தேங்காய்போல வீங்கிவிட்டது.

வைத்தியர் கீழ்க்காலைப் பிடித்து முன்னே இழுத்துப் பார்த்து, கட்டு அறவில்லை என்ற பின்பே எமக்கு மூச்சு வந்தது. அவர் விளக்கியதை வாசகர்க்கும் சொல்ல விரும்புகின்றோம். ஒட்டவைத்த தசைநார், வைத்த நாளில் இருந்த வலிமையோடு இருப்பதில்லை. உடம்பு அதனுள் புதிய இரத்தக் குழாய்களை ஓட்டி, பழையதைக் கரைத்துப் புதிதாக நெய்கின்றது. அந்த வேலை நடக்கும் வாரங்களில், ஏறக்குறைய ஆறாவது முதற் பன்னிரண்டாவது வரை, அது மிக மெலிந்திருக்கின்றது. நோயாளி “நலமாகிவிட்டேன்” என்று துள்ளுவதும் அதே வாரங்களிலேதான். 2016இல் வெளிவந்த நோர்வே, அமெரிக்க ஆய்வொன்று, ஓடித் திரும்பும் விளையாட்டுகளுக்குச் செல்வதை ஒன்பதாம் மாதம் வரை ஒத்திவைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும், மீண்டும் காயப்படும் அளவு 51 வீதம் குறைகின்றது என்று கண்டது. எமது அந்த நூறு யார் பயணம் எம்மை மூன்று வாரம் பின்னுக்குத் தள்ளிற்று.

அந்த மூன்று வாரத்தில்தான் பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் வீரர் பெர்னார் இனோவின் வரலாற்றைப் படித்தோம். 1978, 1979 ஆகிய இரண்டாண்டும் பிரான்ஸைச் சுற்றும் பெரும் பந்தயத்தை வென்றவர். 1980இல், தலைவருக்குரிய மஞ்சள் மேலாடையை அணிந்திருந்த நிலையிலேயே, முழங்கால் நோவால் இடைநடுவில் விலகினார். பின்னர் 1981, 1982 இரண்டிலும் வென்றார். 1983இல் அதே நோவு முற்றியது. பந்தயத்துக்கே செல்லாமற் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அவருடைய குழுவைச் சேர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞர் பிஞ்ஞோன் அவ்வாண்டு வென்றார். 1984இல் இனோ திரும்பி வந்தார். மலைகளிற் பாய்ந்து பாய்ந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் பிஞ்ஞோன் அவரைப் பிடித்துக் கடந்தார். முடிவில் பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் இரண்டாம் இடம். 1985இல், விழுந்து மூக்கு உடைந்த நிலையிலும், ஐந்தாம் முறையாக வென்றார்.

ஐந்தாம் வெற்றியைப் பலரும் பேசுவர். எமக்கு 1984தான் பெரிதாகத் தோன்றியது. உலகமே பார்த்திருக்க, முன்பு தாம் செய்தவற்றைச் செய்ய முடியாமல், ஆயினும் வீட்டுக்குப் போகாமல், மூன்று வாரம் வண்டி மிதிப்பது எளிதன்று.

இந்த வரலாற்றை வைத்தியசாலை வாங்கில் அமர்ந்திருந்த அம்மாள் ஒருவருக்கும் சொன்னோம். ஆசிரியத் தொழிலின் குற்றம். எவர் அருகில் அமர்ந்தாலும் பாடம் நடத்தத் தோன்றும். அவர் தோட்டத்திற் கொழுந்தெடுப்பவர். முப்பது வருடம் மலையேறி இறங்கியதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. பொறுமையாகக் கேட்டபின் அவர் கேட்டார்:

“ஒன்பது மாசம் வீட்டுல இருந்தீங்களே மாஸ்டர், சம்பளம் வந்துச்சா?”

வந்தது என்றோம். முதலில் வைத்திய விடுமுறை. பின்னர் கதிரையில் அமர்ந்தபடி வகுப்பு.

“எனக்கு ஒரு நாள் மலைக்குப் போகாட்டி அன்னிக்குப் பேரு இல்ல. போயி கொழுந்து கொறஞ்சா அரைப்பேரு. ஒங்க டாக்டரு சொல்ற பொறுமைய நான் எங்க போயி வாங்குறது?”

விடை சொல்லத் தெரியாமல் இருந்தோம். பொறுமை என்பது எமது மனத்திண்மையால் வந்ததென்று அதுவரை எண்ணியிருந்தோம். அதற்குப் பின்னால் மாதச் சம்பளம் ஒன்று நின்றதை ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை. இனோவும் மறு ஆண்டுக்கான புதிய குழுவொன்றைச் சேர்த்துக்கொண்டே தேறினார்.

எம்மிடம் இருந்தது ஒரு துவாய். முன்தொடைத் தசை வலுத்தால் தேய்ந்த முழங்காலின் நோவும் ஓரளவு தணியும் என்று மிஸ் சொன்னதுண்டு. அவரையே அழைத்துக் கேட்டு, துவாயை அழுத்தும் முறையையும் காலை நேரே உயர்த்தும் முறையையும் அவ்வம்மாளுக்குக் காட்டச் செய்தோம். “இதுக்குக் காசு கேக்க மாட்டாங்களே?” என்று சிரித்தார்.

2024 ஐப்பசியில், விழுந்து ஓராண்டு கழித்து, நாம் மீண்டும் வீதியில் ஓட்டினோம். முதல் நாள் நிலையம் வரை மாத்திரம். அடுத்த மாதம் ஹாலி-எல போய் வந்தோம். திரும்பும்போது இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினோம், வெட்கப்படவில்லை.

அன்று தோட்ட வீதித் திருப்பத்தில் அந்த அம்மாளைக் கண்டோம். இடுப்பிற் படங்கும் தலையிற் கொழுந்துச் சாக்குமாக, படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். நோயுற்ற காலை முதலில் வைத்து, பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக.

“எப்படியம்மா இருக்கு?” என்றோம்.

“ராத்திரியில துவாய வச்சு அமுக்குறேன் மாஸ்டர். கொஞ்சம் தேவல. ஆனா மலை அப்படியேதான் இருக்கு,” என்றார். நிறுவைக்கு நேரமாகிவிட்டதாகையால் நில்லாமற் போனார்.