ஒட்டிய உறைக்குள் ஓர் இரகசியம்

1985-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி, மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் உலூரு என்ற செம்பாறையின் பட்டயம், அதன் பூர்வ பாத்தியஸ்தர்களான அணங்கு மக்களிடம் (நம் அணங்கோடு ஒலியளவில்தான் உறவு, அவர்கள் பாஷையில் அது மனிதரைக் குறிக்கும்) ஒப்படைக்கப்பட்டபோது, அன்றைக்கே அதை 99 வருஷக் குத்தகைக்கு அரசாங்கத்திடம் அவர்கள் திருப்பித் தர வேண்டியிருந்தது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட நிர்வாக சபையில் அவர்களுக்கு எட்டு ஆசனங்கள் கிடைத்தன. ஏறாதீர்கள் என்று வருஷக்கணக்காக வேண்டிக்கொண்டவர்கள், ஏறக்கூடாது என்ற விதி அமலாவதைக் காண 2019 வரை காத்திருந்தார்கள். பாறை எல்லோருக்கும் பொது என்று வாதித்தவர்களும் உண்டு. கடைசி நாட்களில் அவர்கள், ஏறுவோர் பிடித்துக்கொள்ளப் பாறையில் பொருத்தியிருந்த சங்கிலியைப் பற்றிக்கொண்டு வரிசை வரிசையாக ஏறித் தீர்த்தார்கள்.

பாறை உரியவர்களிடம் திரும்பியதையும், ஏறுவது நின்றதையும் கொண்டாடுவது நியாயமே. ஆயினும் என் மனத்தை அரிக்கும் விசாரம் வேறு. பாரம்பரியத்தைக் காக்கும் அதிகாரத்தை ஒரு சமூகத்துக்கு வழங்க முன்வரும் சட்டம், முதற்காரியமாகக் கேட்பது அத்தாட்சி: எந்த இடம், என்ன ஐதீகம், எத்தனை தலைமுறையாக? ஆண்களுக்குரியதைப் பெண்களும், பெண்களுக்குரியதை ஆண்களும் அறியலாகாது என்ற சம்பிரதாயத்தில் வளர்ந்தவர்கள், காக்க வேண்டியதைக் காப்பதற்காகவே அதைப் பகிரங்கப்படுத்த நேரும் தர்மசங்கடத்தை எந்த ஷரத்து தீர்த்து வைக்கும்?

தென் ஆஸ்திரேலியாவில், மர்ரே நதியின் முகத்துவாரத்தருகே உள்ள ஹிண்ட்மார்ஷ் தீவுக்குப் பாலம் கட்ட முற்பட்டபோது, நரிஞ்செரி குலத்துப் பெண்கள் சிலர், அத்தீவு தங்கள் பெண்வழி மரபோடு சம்பந்தப்பட்ட புனித ஸ்தலம் என்று முறையிட்டு, அதன் விவரங்களைப் பெண்கள் மட்டுமே படிக்கலாம் என்று குறித்த உறைகளிலிட்டு ஒட்டி அனுப்பினார்கள். 1994-இல் பாலத்துக்கு 25 வருஷத் தடை விதித்த அமைச்சர், தாம் ஆண் ஆகையால், மரியாதை கருதி அவற்றைப் படிக்கவில்லை. அந்த மரியாதையே வினையாயிற்று! தாமே படித்துப் பரிசீலிக்காமல் விதித்த தடை செல்லாதென்று நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. காகிதங்களோ கைதவறி வேறோர் அரசியல்வாதியின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அக்குலத்துப் பெண்களிலேயே வேறு சிலர், அப்படியொரு மரபை நாங்கள் அறியோம் என்றார்கள். 1995-இல் விசாரணைக் கமிஷன் அது இட்டுக்கட்டிய கதை என்று முடிவு கட்டிற்று. முறையிட்ட பெண்கள் அதன்முன் சாட்சி சொல்ல மறுத்திருந்தார்கள். சொன்னால் துரோகம், சொல்லாவிட்டால் பொய். மூன்றாவது வழி அவர்களுக்கு எங்கே இருந்தது? 2001-இல் வேறொரு வழக்கில், இட்டுக்கட்டியது என்பது தமக்கு நிரூபணமாகவில்லை என்று நீதிபதி எழுதியபோது, பாலம் திறக்கப்பட்டு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

வாசகர்களில் யாரேனும் உலூருவுக்குப் போக நேர்ந்து, அடிவாரத்தின் சில பகுதிகளைப் படமெடுக்க வேண்டாமென்ற பலகையைக் கண்டால், அங்கே என்ன நடக்கும், யார் வருவார்கள் என்றெல்லாம் வழிகாட்டியைத் துருவாமல், காமிராவை உறையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுங்கள்.