இட்லிப் பானைக்குப் புளி, மெம்பரேனுக்கு எலுமிச்சை உப்பு

பங்குனியில் மாவடு போட்ட வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். உருண்டையாக, விறைப்பாக ஜாடிக்குள் போன வடு, கல்லுப்பில் இரண்டு மூன்று நாள் கிடந்ததும் தோல் சுருங்கிவிடும். அடியில் தண்ணீர் நிற்கும். நாம் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. வடுவுக்குள் இருந்த தண்ணீர்தான் தோலைத் தாண்டி உப்பை நோக்கி வந்திருக்கிறது.

ஆர்.ஓ. மெஷின் செய்வது இதற்கு நேர் எதிர். உப்புத் தண்ணீரை அழுத்தி, உப்பை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் தோலுக்கு இந்தப் பக்கம் வரவழைக்கிறது. டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, நூறுக்கு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. அழுத்தம் அந்த இயற்கையை எதிர்ப்பதற்கே செலவாகும். எங்கள் போர் தண்ணீர் 1,400. பூஸ்டர் பம்ப் 60, 70 பி.எஸ்.ஐ. கொடுத்தால் அதில் 14 இப்படிப் போய்விடும். மீதிதான் நமக்குத் தண்ணீர் தருகிறது.

அந்தத் தோல்தான் மெம்பரேன். மாற்றிப் போட்ட பழைய மெம்பரேன் ஒன்றை ஒருநாள் கத்தியால் கீறிப் பிரித்தேன். சுருட்டிய பாய் மாதிரி இருந்தது. நடுவில் ஓட்டை போட்ட சின்னக் குழாய்; அதைச் சுற்றி வழவழப்பான வெள்ளைத் தாள், இடையிடையே கட்டம் போட்ட பிளாஸ்டிக் வலை. தண்ணீர் நுழைகிற முனையில் தாள் சுத்தமாகவே இருந்தது. கழிவு வெளியேறும் முனைக்கு வர வர, வலையின் கட்டங்களுக்குள் ரவை மாதிரி வெள்ளைப் பொடி. அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தேன். பொடி நுரைத்துப் பொங்கியது.

ஏன் கடைசி முனையில் மட்டும்? ரசத்தை அடுப்பில் மறந்துவிட்டால் சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கும் அல்லவா? மெம்பரேனுக்குள்ளும் அதே கதை. வழியெங்கும் நல்ல தண்ணீர் பிரிந்து போவதால் மீதித் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் கால்சியம் கரைந்திருக்க முடியாமல் சுண்ணாம்பாகப் படிகிறது. கழிவுக் குழாயில் ஓடும் தண்ணீர் வீண் என்று அதை அடைத்து வைப்பவர்கள், ரசத்தை இன்னும் சுண்ட விடுகிறார்கள். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடையுங்கள். அடைக்க வேண்டாம்.

இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு கொட்டைப் புளி போடுவது எங்கள் அம்மாவின் பழக்கம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். மெம்பரேனைக் கழுவுவதும் அவ்வளவுதான். ஆனால் எல்லா மெம்பரேனும் கழுவினால் பிழைக்காது. முதலில் நோயைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வரத்து குறைந்து, டி.டி.எஸ். பெரிதாக மாறவில்லை என்றால் படிவு; கழுவலாம். வரத்து அப்படியே இருந்து, டி.டி.எஸ். மட்டும் எகிறினால் தோல் கெட்டிருக்கிறது, அல்லது ஓ-ரிங் கசிகிறது. ஓ-ரிங்கை மாற்றிப் பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் புதிது வாங்குவதே வழி.

தோலைக் கெடுப்பது பெரும்பாலும் குளோரின். 1960 வாக்கில் அமெரிக்காவில் சிட்னி லோப், சௌரிராஜன் இருவரும் செய்த முதல் பயனுள்ள மெம்பரேன் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது. அது ஓரளவு குளோரினைத் தாங்கும். இன்று நம் வீடுகளில் இருப்பது பாலிஅமைடு. உப்பை இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆனால் குளோரின் ஆகாது. உப்பைத் தடுக்கும் படலம் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. நான்ஸ்டிக் தவாவைக் கம்பி நாரால் தேய்த்த பிறகு அதை யாரால் சரிசெய்ய முடியும்? அதனால்தான் மெம்பரேனுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் நிற்கிறது. அதைக் காலத்தில் மாற்றாமல் மெம்பரேனைக் குறை சொல்வது நியாயமில்லை. பிளீச்சிங் பவுடரும் பாத்ரூம் ஆசிடும் இதன் பக்கமே வரக்கூடாது.

சரி, படிவுதான் என்று தெரிந்துவிட்டது. செடிமென்ட் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வரத்து குறையும் என்பதால் அதை முதலில் பாருங்கள். பிறகு தண்ணீர்க் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஐந்து லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், அதில் 100 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். போர் தண்ணீரில் கரைத்தால் புளிப்பின் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். 45 டிகிரியைத் தாண்டக் கூடாது.

மெம்பரேனைக் கழற்றி வெறுமனே ஊறப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரிசியை ஊறவைத்தால் தவிடு போகாது, களைய வேண்டும். பூஸ்டர் பம்ப் உறிஞ்சும் குழாயை வாளிக்குள் விட்டு, கழிவுக் குழாயையும் நல்ல தண்ணீர்க் குழாயையும் அதே வாளிக்குத் திருப்புங்கள். கழிவுக் குழாயில் விரல் நீளத்துக்கு இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரைக் கழற்றிவிடுங்கள். அழுத்தம் இறங்கி ஓட்டம் கூடும். படிவை அடித்துப் போவது ஓட்டம்தான். கழற்றியதை அதே புளிப்பில் போடுங்கள், பல சமயம் அடைப்பே அதில்தான் இருக்கும். பிளக்கை மறுபடி மாட்டி, அரை மணி ஓட்டம், ஒரு மணி ஊறல், மறுபடி அரை மணி ஓட்டம்.

ஃபில்டர் கிண்ணத்தில் விரலை விட்டால் வழுவழுவென்று பாசி தட்டுகிறதா? அப்போது புளிப்பு முதலில் போகக் கூடாது. பாலில் எலுமிச்சை பிழிந்தது போல அந்த வழவழப்பு திரிந்து கெட்டியாகும். ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் சலவைச் சோடா கரைத்து அதை முதலில் ஓட்டி, நன்றாக அலசிய பிறகுதான் எலுமிச்சை உப்பு.

முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டு அலசுங்கள். முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நனைந்த மெம்பரேனைக் காயவிடவும் கூடாது.

பெரிய ஆலைகளில் வரத்து பத்து சதவீதம் குறைந்தாலே கழுவிவிடுவார்கள். சுண்ணாம்பு இறுகிப் போனால், அதிலும் சிலிக்கா சேர்ந்துவிட்டால், எந்தப் புளிப்புக்கும் அசையாது. நாம் பாதி வரத்து போன பிறகுதான் மெஷினைத் திரும்பிப் பார்க்கிறோம்.

எங்கள் மெஷின் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். புது மெம்பரேன் போட்ட அன்று 200 மில்லி டம்ளர் நிரம்ப 70 வினாடி, டி.டி.எஸ். 90. கழுவுவதற்கு முன் 95 வினாடி. கழுவிய மறுநாள் 76 வினாடி, டி.டி.எஸ். 92. மார்கழியில் தண்ணீர் குளிர்ந்து வரத்து தானாகவே குறையும் என்பதால், பக்கத்தில் மாதத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.