பூட்டிய அலமாரியும் பள்ளிப் பிள்ளைகளும்

எடின்பரோ நகரில் 1768-ம் ஆண்டில் தோன்றி, உலகெங்கும் அறிவுக்கு அளவுகோலாக மதிக்கப்பட்டு வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் இனிக் காகிதத்தில் அச்சாகாது என்று அதன் பிரசுரகர்த்தர்கள் 2012-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அறிவித்தார்கள். அமெரிக்காவில் 1990-ம் ஆண்டில் 1,20,000 தொகுப்புகள் விற்பனையான நூல் அது. 2010-ல் வெளிவந்த கடைசிப் பதிப்பிலோ, 32 தொகுதிகள் கொண்ட தொகுப்புகள் சுமார் 12,000 மட்டுமே அச்சிடப்பட்டன. இதைச் சுட்டிக் காட்டி, பள்ளிக்கூடப் புஸ்தகசாலைகளில் அகராதியும் கலைக்களஞ்சியமும் தேசப்படப் புஸ்தகமும் இனி எதற்கு என்று கேட்போர் பெருகி வருகின்றனர். இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் அவசரப்பட்டு விடை கூறுவதும் தகாது.

முதலில் நியாயமானதை ஒப்புக்கொள்வோம். சில செய்திகள் அச்சேறிய நாளிலிருந்தே மூப்படையத் தொடங்குகின்றன. 2014-க்கு முந்திய தேசப்படத்தில் தெலுங்கானா ராஜ்யம் இராது. 2006-க்கு முந்திய வான நூல் புளூட்டோவை ஒன்பதாவது கிரகமாகவே எண்ணும். இத்தகைய விஷயங்களில் நாளுக்கு நாள் திருத்தப்படும் இணையமே சிறந்தது. காலங்கடந்த புள்ளி விவர நூல்களை அலமாரியில் வைத்துக்கொண்டு புஸ்தகங்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது பிள்ளைகளை ஏமாற்றுவதேயாகும். அவற்றை அகற்றுவதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

எனினும், எல்லா நோக்கு நூல்களும் மூப்படைவதில்லை. சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-ல் அனுபந்தமாகவும் வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் கூறுவதோடு, இன்ன பொருளில் இன்ன நூலில் அச்சொல் ஆளப்பட்டது என்று சான்றும் காட்டுகிறது. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராயிருந்து முடித்து வைத்த அவ்வகராதியைப் புரட்டும் மாணவன், பொருளைத் தெரிந்துகொள்வதோடு நிற்பதில்லை. சான்றின்றி எதையும் ஏற்கலாகாது என்னும் பெரும் பாடத்தையும் கற்றுக்கொள்கிறான்.

தமிழில் கலைக்களஞ்சியம் பிறந்த வரலாற்றையும் நாம் மறத்தலாகாது. தேசத்தின் விடுதலை நெருங்கிய காலத்தில், மாகாணக் கல்வி மந்திரியாயிருந்த அவினாசிலிங்கம் செட்டியார் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக உழைக்க, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அதன் பின் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகள் கொண்ட மற்றொரு களஞ்சியமும் வெளியாயிற்று. சகல சாஸ்திரங்களையும் சொந்த பாஷையில் சொல்ல முடியும் என்பதை நிலைநாட்டுவதற்காகச் செய்யப்பட்ட வேள்வி அது. சுதந்திரத்தின் பயன்களில் ஒன்றாக அதைக் கருதுவது மிகையன்று.

அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய நூல்களின் கதி யாது? கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிய பள்ளிக்கூடங்கள் எத்தனை! நூல் தொலைந்தால் கைப்பணம் கட்ட வேண்டுமே என்ற பயம் உபாத்தியாயருக்கு. தொட்டால் திட்டு விழுமே என்ற பயம் பிள்ளைக்கு. நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதைப் புஸ்தகசாலை இயலின் முதல் விதியாக 1931-லேயே வகுத்தவர் நம் நாட்டு அறிஞர் ரங்கநாதன். அவர் பிறந்த மண்ணில் பூட்டே விதியாகிவிட்டது! தொடவே விடாத நூலை, எவரும் தொடவில்லை என்று காரணங்காட்டி எடைக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்?

காகிதமா, இணையமா என்று கட்சி பிரிந்து வழக்காடுவதில் நமக்குச் சிரத்தையில்லை. தமிழ் லெக்சிகனும் கலைக்களஞ்சியமும் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இது ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரும் பாக்கியம். ஆனால் கேட்ட மாத்திரத்தில் விடையளிக்கும் இயந்திரங்கள் பெருகிய இக்காலத்தில், விடையைப் பெறுவது எளிது. அது மெய்யா என்று அறிவதே அரிது. சொன்னவர் யார், எந்த ஆண்டில் சொன்னார், என்ன ஆதாரம் கொண்டு சொன்னார் என்று கேட்கும் பழக்கம் தானாக வராது. இரண்டு நூல்களை அருகருகே விரித்து ஒப்பிடும் பயிற்சியினாலேயே அது வரும். பள்ளிக்கூடத்து நோக்கு நூல்களின் புதிய கடமை இதுவே. முன்பு அவை செய்திச் சுரங்கமாக இருந்தன. இனி அவை உரைகல்லாக இருக்க வேண்டும்.

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் புஸ்தகசாலை இருக்க வேண்டும் என்றும், பத்திரிகைகளும் சகல பாடங்களுக்கும் உரிய நூல்களும் அதில் இருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, கேட்பவர்கள்தாம் இல்லை. ஊர்தோறும் பொதுப்பணி புரியும் அன்பர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை சென்று பார்க்கட்டும். நல்ல அகராதி ஒன்றும், தமிழ்க் கலைக்களஞ்சியமும், புதிய தேசப்படப் புஸ்தகமும் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா? வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவற்றைப் புரட்டப் பழக்குகிறார்களா? தேய்மானத்துக்கும் நஷ்டத்துக்கும் உபாத்தியாயரைப் பொறுப்பாக்காதபடி சர்க்கார் விதி செய்திருக்கிறதா? இம்மூன்றையும் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

ஆராயாமல் நம்பும் ஜனங்களைக் கொண்டு ஜனநாயகம் நிலைக்காது. ஆராயும் வழக்கமோ பள்ளிப் பருவத்திலேயே வேர்விட வேண்டும். ஆகையால் அலமாரியின் சாவியை முதலில் தேடுவோம்.