கருவி விளக்கமும் குன்றக் கூறலும்

அறியாதார்க்கு ஒரு பொருளை அறிவித்தற்கு எழுவது விளக்கவுரை. இந்நாளில் அவ்வுரையைப் படித்து அதன்வழி ஒழுகுவோர் மக்கள் மட்டும் அல்லர். செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் மென்பொருள்களும் அவ்வாறே செய்கின்றன. விரிதாளிலுள்ள தரவுகளை ஆராயும் முகவர்க்குக் கருவி விளக்கம் எழுதுங்கால் நேரும் குறைகளுள் தலையாய ஒன்றினை ஈண்டு ஆராய்வோம்.

முகவரின் அகத்தே நின்று இயங்குவது பெருமொழி மாதிரி. தாளைப் படித்தல், எண்களைக் கூட்டல், வேண்டியவற்றை வடித்தெடுத்தல் முதலிய தொழில்களுக்கெனத் தனித்தனிக் கருவிகள் அதற்கு அளிக்கப்படுகின்றன. கருவி ஒவ்வொன்றையும் பற்றி அம்மாதிரிக்குக் காட்டப்படுவன மூன்று: பெயர், விளக்கம், கொடுக்கவேண்டிய உள்ளீடுகளின் பட்டியல். 2023ஆம் ஆண்டில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட முறையிலும், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிமுறையிலும் இவ்வமைப்பே காணப்படுகின்றது. கருவியின் உள்ளமைப்பு மாதிரிக்குப் புலனாவதில்லை. எனவே, எக்கருவியை எப்பொழுது எடுப்பது என்று துணிதற்கு விளக்கமே அதற்குப் பெருந்துணையாகின்றது.

பண்டை நூற்பாக்களும் சுருங்கிய சொல்லால் ஆயவையே. ஆயினும் நூற்பா வெளிப்படக் கூறாததனைச் சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர்கள் இலேசு, மிகை, உம்மை ஆகியவற்றின் வாயிலாகக் கொண்டு நிரப்பினர். அவர்க்கு இலக்கிய வழக்கும் ஆசிரிய மரபும் சான்றாய் நின்றன. மொழி மாதிரியும் கூறாததனை நிரப்பிக்கொள்ளவே செய்கின்றது. ஆனால் அதற்குச் சான்றாவது அக்கருவியின் இயல்பன்று. தான் பயின்ற பிற உரைகளில் அத்தகைய கருவிகள் எவ்வாறு பேசப்பட்டன என்னும் பொதுவழக்கே. ஆதலின், விளக்கம் ஒரு வரம்பினைக் கூறாதொழியின், வரம்பு இல்லை என்றே முகவர் கொள்ளுதல் கூடும்.

வரம்பு அறியாமையால் விளையும் கேட்டினை முகவர்கள் தோன்றுதற்கு முன்னரே விரிதாள் உலகம் கண்டுள்ளது. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனாத் தொற்று முடிவுகளை எக்செல் மென்பொருளின் பழைய கோப்பு வடிவில் தொகுத்தது. அவ்வடிவில் தாள் ஒன்றுக்கு 65,536 நிரைகளே இடம்பெறும். அதற்கு மேற்பட்டவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராது போயினர். அவரோடு பழகியவர்களைத் தேடும் பணியும் காலந்தாழ்ந்தது. இங்குக் கணக்கிட்ட எண்களில் பிழை இல்லை. எண்ணப்படாதவை உள என்பதே மறைந்து நின்றது.

இதனைக் கருவி விளக்கத்தொடு பொருத்திக் காண்போம். ‘தாளைப் படிக்கும்’ என்பது ஒரு கருவியின் விளக்கம் எனவும், அக்கருவி ஒருமுறைக்கு முதல் 1,000 நிரைகளையே தரும் எனவும் கொள்வோம். 40,000 நிரைகளுடைய விற்பனைக் கணக்கின் சராசரியை ஒருவர் வினவுகின்றார். முகவர் தனக்குக் கிடைத்த ஆயிரத்தின் சராசரியை வழுவின்றிக் கணித்து, அதனையே முழுமைக்கும் உரிய விடையாகத் தரும். விடையின் நடை திருத்தமாக இருத்தலின் படிப்பவர் ஐயுறார். பிழை வெளிப்படுமாயின் திருத்தலாம். ஈண்டோ பிழை, விடையின் தோற்றத்திலேயே மறைகின்றது.

எண்ணும் நாளும் இத்தகையனவே. எக்செலின் கூட்டற் சார்பு, தான் கூட்டும் அறைகளில் எழுத்துருவாகப் பதியப்பட்ட எண்களைச் சேர்ப்பதில்லை. 03/04/2021 என்பது இந்திய வழக்கில் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. எக்செல் நாட்களை எண்களாகவே சேமிக்கின்றது. 1900ஆம் ஆண்டினைத் தொடக்கமாகக் கொள்ளும் முறை, 1904ஆம் ஆண்டினைக் கொள்ளும் முறை என அதற்கு இரண்டு உள. ஒரே எண் இவ்விரு முறைகளிலும் தம்முள் 1,462 நாள் வேறுபட்ட நாட்களைக் குறிக்கும். கருவி எதனைக் கைக்கொள்கின்றது என்பது விளக்கத்தில் இருத்தல் வேண்டும்.

‘எண்களைக் கூட்டும்’ என்னும் விளக்கத்தினைப் பின்வருமாறு விரித்தல் தகும்: ‘ஒரு பத்தியிலுள்ள எண்களைக் கூட்டித் தொகையைத் தரும். பத்தியின் தலைப்பினைத் தாளில் உள்ளவாறே கொடுக்க. எழுத்துருவில் உள்ள எண்களையும் வெற்றறைகளையும் கூட்டாது. அவ்வாறு விடப்பட்டவற்றின் எண்ணிக்கையைத் தொகையோடு தரும். குறித்த நிரைகளை மட்டும் கூட்டவேண்டின், முதலில் வடிகட்டும் கருவியைப் பயன்படுத்துக.’ இதன்கண் பயன், உள்ளீடு, விடப்படுவன, விளைவு, பயன்படுத்தலாகாத இடம் ஆகிய ஐந்தும் அடங்கின. விடப்பட்டவை பல எனக் காணும் முகவர், விடை கூறுமுன் தரவினைச் சீர்செய்யவோ பயனர்க்கு அறிவிக்கவோ இடமுண்டு.

எல்லாம் கூறுக என்றமையால் பெருக்கியும் எழுதலாகாது. மாதிரி ஒருங்கே கருதவல்ல உரைக்கு அளவுண்டு. பல கருவிகளின் விளக்கம் நீளின் வினாவுக்கும் தரவுக்கும் இடம் சுருங்கும். கருவியின் உள்ளமைப்பு, அதனை ஆக்கிய வரலாறு ஆகியன மிகைபடக் கூறலாம். ‘தரவை ஆராயும்’, ‘தரவைப் பகுத்துக் காணும்’ என இரு கருவிகளை வேறுபாடு தோன்றாமல் விளக்குதல் மயங்க வைத்தல். கருவியைத் திருத்திய பின்னரும் பழைய விளக்கத்தினை வைத்திருப்பின், சொல்லும் செயலும் தம்முள் மாறுபடும். இது மாறுகொளக் கூறலோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது.

நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் குன்றக் கூறலை முதற்கண் வைத்தார். ஏனைக் குற்றங்கள் பெரும்பாலும் படிப்பவனை இடர்ப்படுத்தித் தம்மைக் காட்டிக்கொடுக்கும். குன்றக் கூறலோ முழுமைபோலத் தோன்றி அமைதியாய் நிற்கும். மாணாக்கன் ஆயின் ஆசிரியனை வினவித் தெளிவான். முகவரோ வினவாது செயற்படுதலும் உண்டு. ஆதலின், கருவி செய்வது இது என்று கூறுதலோடு அமையாது, செய்யாதது இது என்பதனையும் வெளிப்படக் கூறுதலே விளக்கம் எழுதுவார்க்கு முதற்கடன் என்பது இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும்.